எண்பது கிராமுக்கு எட்டு மாதம்

நான் கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிறவன். இருபத்திரண்டு வருஷமாக ஒரே நாற்காலி, ஒரே இருட்டறை, ஒரே கேள்வி. வருகிறவரின் மூக்கில் சோதனை ஃபிரேமை மாட்டி, ஒரு லென்ஸைப் போட்டு, எடுத்து, இன்னொன்றைப் போட்டு, "ஒண்ணு தெளிவா, ரெண்டு தெளிவா?" என்று கேட்பேன். அவர் எந்தப் பக்கம் சொல்கிறாரோ அந்தப் பக்கம் நான் நகர்வேன். இப்படித் தினம் முப்பது பேரை முடிவெடுக்க வைக்கிற நான், சொந்தமாக ஒரு முடிவெடுத்ததை வீட்டில் யாரும் கண்ணால் கண்டதில்லை. ஃபிரிட்ஜ் வாங்க எனக்குப் பதினான்கு மாதம் பிடித்தது. அதற்குள் பழைய ஃபிரிட்ஜை இரண்டு தடவை ரிப்பேர் செய்தோம். கடைசியில் நான் தேர்ந்தெடுத்த மாடலைச் செய்வதையே கம்பெனிக்காரன் நிறுத்திவிட்டான்.

என் மனைவி எனக்கு நேர் எதிர். அவள் டவுன் பஸ் டிரைவர். விளக்கு மாறுவதற்குள் முடிவெடுத்தாக வேண்டிய வேலை. லைசென்ஸ் புதுப்பிக்கக் கண் சான்றிதழ் வேண்டும் என்று எங்கள் கடைக்கு வந்தபோதுதான் அவளை முதலில் பார்த்தேன். என்னிடம் ஒரு தந்திரம் உண்டு. சோதனைக்கு நடுவில், மாற்றுகிற மாதிரி கையை ஆட்டிவிட்டு அதே லென்ஸை மறுபடி காட்டுவேன். முக்கால்வாசிப் பேர் அதற்குள் சலித்துப்போய், ஆளை விட்டால் போதும் என்று "ரெண்டாவது" என்பார்கள். சலிப்பில் வருகிற பதில் எது, உண்மையான பதில் எது என்று எனக்குத் தெரிந்துவிடும். அவளுக்கும் அப்படிக் காட்டினேன். "ரெண்டும் ஒண்ணுதானே, எதுக்கு மாத்துற மாதிரி நடிக்கிறீங்க?" என்றாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து என்னைக் கையும் களவுமாகப் பிடித்த ஒரே ஆள் அவள்தான். எனக்கு அன்றைக்கே பிடித்துப்போயிற்று. கல்யாணம் செய்துகொள்ளலாம் என்ற முடிவை, சொல்லவே வேண்டாம், அவள்தான் எடுத்தாள்.

வாரத்தில் ஆறு நாள் அவளுக்கு ஸ்டியரிங். ஏழாவது நாள் மீன். ஊருக்கு வெளியே ஒரு ஓடை இருக்கிறது. பெரும்பாலும் முழங்கால் ஆழம், சில இடத்தில் இடுப்பளவு. அதில் இருக்கிற மீன்களில் பெரியது என் நடுவிரல் நீளம். அவள் புழு மாட்டிப் பிடிப்பதில்லை. இறகையும் நூலையும் கொக்கியில் சுற்றி, ஈ மாதிரி ஒரு பொய்ப்பூச்சி செய்து, அதைத் தண்ணீர் மேல் போய் உட்காருகிற மாதிரி வீசுவாள். மீன் கடிக்கும். கையை நனைத்துக்கொண்டு கொக்கியை எடுத்துவிட்டு, மீனைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவாள். திங்கள் முதல் சனி வரை ஹாரன் சத்தத்தில் இருக்கிறவளுக்கு இதுதான் மூச்சு. என் வேலை, ஃபிளாஸ்க்கையும் பையையும் தூக்கிக்கொண்டு போய்க் கரையில் மடக்கு நாற்காலி போட்டு உட்காருவது. அதை நான் திறம்படச் செய்துவந்தேன்.

அந்த ஓடையில் வருஷத்துக்கு ஐந்து மாதம்தான் தூண்டில் போடலாம். மீதி ஏழு மாதம் மீன்கள் முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கிற காலம் என்று மூடிவிடுவார்கள். போன வருஷம் மூடுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அவள் பாசி பிடித்த கல்லில் கால் வைத்து வழுக்கி, வலது தோள் அடிபட விழுந்தாள். அப்போது நான் ஃபோனில் இரண்டு மடக்கு நாற்காலிகளை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் நாற்காலி கொஞ்சம் கிறீச்சிட்டது, அதனால். சத்தம் கேட்டு நிமிர்ந்தால் அவளுடைய தொப்பி மட்டும் தண்ணீரில் போய்க்கொண்டிருந்தது.

இதற்கு அப்புறம் நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஓடைக்குள் இறங்க இரண்டு வழி. இடது பக்கம் மண் சரிவு, வலது பக்கம் கல் படி. எந்தப் பக்கம் இறங்கினால் சீக்கிரம் போகலாம் என்று யோசித்தபடி நான் நின்றேன். நிஜமாகவே நின்றேன். நான் யோசித்து முடிப்பதற்குள், கொஞ்சம் கீழே தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு ஆள் ஓடிவந்து அவளைத் தூக்கி உட்கார வைத்துவிட்டார். மொத்தம் ஐந்து விநாடி இருக்கும். ஆபத்து ஒன்றும் பெரிதாக இல்லை, தோள் எலும்புதான் உடைந்தது என்று டாக்டர் சொன்னார். அந்த ஐந்து விநாடியை மட்டும் எந்த டாக்டரிடம் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

தோளில் தகடு வைத்தார்கள். நாலு மாதம் பயிற்சி, வெந்நீர் ஒத்தடம், சுவரில் விரலால் ஏறுகிற கசரத்து. கடைசித் தடவை போனபோது டாக்டர், இனி பஸ் ஓட்டலாம் என்றார். இவள் அதை விட்டுவிட்டு, மீன் பிடிக்கலாமா என்று கேட்டாள். பழைய தூண்டில்கோல் கனமானது, வேண்டாம், எடை குறைந்ததாக ஒன்று வாங்கிக்கொண்டால் தாராளமாகப் போகலாம் என்றார். ஓடை திறக்க இன்னும் மூன்று மாதம் இருந்தது. "நான் பார்த்து வாங்கித் தரேன்," என்று நான் வாயைக் கொடுத்தேன். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

தூண்டில்கோல் என்றால் ஒரு கம்பு, ஒரு நூல் என்று நினைத்திருந்தேன். உள்ளே இறங்கிய பிறகுதான் அது ஒரு கடல் என்று தெரிந்தது. சின்ன மீனுக்கான லேசான கோலிலேயே கார்பன் உண்டு, கண்ணாடி இழை உண்டு. கார்பன் எடை குறைவு, ஆனால் விறைப்பு. கண்ணாடி இழை நாலைந்து கிராம் கூடுதல், ஆனால் விரலளவு மீன் இழுத்தாலும் பிடி வரைக்கும் வளையும். ஆறடி, ஏழடி, ஏழரை அடி. நூலுக்குத் தனியாக நம்பர். மூன்று துண்டாகக் கழற்றுவதா, நாலு துண்டாகவா. பிடியில் இருக்கிற தக்கை சுருட்டு வடிவமா, நடுவில் ஒடுங்கினதா. ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒரு இணையதளத்தில் இரண்டு பேர் தக்கையைப் பற்றியே ஒன்பது பக்கம் சண்டை போட்டிருந்தார்கள். நான் ஒன்பது பக்கத்தையும் படித்து, இருவர் பேச்சிலும் நியாயம் இருப்பதாகக் கண்டேன்.

எக்ஸெல்லில் ஒரு அட்டவணை போட்டேன். நாற்பத்தொரு கோல், பதினேழு கட்டம். எங்கள் தெருவுக்கு மூன்று தெரு தள்ளி ஒரு தூண்டில் கடை இருக்கிறது. குறுகலான கடை, நுழைந்தால் ரப்பர் பூட்ஸ் வாசனை. கடைக்காரர் ரொம்பப் பொறுமைசாலி. ஒவ்வொரு சனிக்கிழமை மத்தியானமும் நான் போய் நிற்பேன். முதலில் "வாங்க சார்" என்றார். மூன்றாவது மாதம் வெறும் தலையாட்டல். ஐந்தாவது மாதம் நான் வருவதைப் பார்த்ததும் ஸ்டூலை எடுத்துப் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தார்.

எங்கள் கடையில் ஃபிரேம் எடை பார்க்கிற சின்ன எலக்ட்ரானிக் தராசு ஒன்று உண்டு. அதைச் சட்டைப்பையில் போட்டு எடுத்துப்போய், அவருடைய கோல் ஒவ்வொன்றையும் நிறுத்தேன். எல்லாம் எண்பது கிராமை ஒட்டித்தான் இருந்தன. எழுபத்தாறு, எண்பது, எண்பத்து மூன்று. நுனி எவ்வளவு வளைகிறது என்று பார்க்கச் சோதனை லென்ஸ்களை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். இரண்டு கண்ணின் பாப்பாவுக்கும் இடைவெளி அளக்கிற ஸ்கேலால் தக்கையின் பருமனை அளந்தேன். வீசிப் பார்க்க வேண்டும் என்று கடைக்குப் பின்னால் இருந்த சந்தில் கொக்கிக்குப் பதில் பஞ்சைக் கட்டி வீசினேன். முதல் வீச்சில் ஒரு ஸ்கூட்டரின் கண்ணாடி, இரண்டாவதில் மாடிவீட்டு அம்மாவின் கொடியில் தொங்கிய துண்டு. மூன்றாவதில் என் காது. பஞ்சாக இருந்ததால் இன்று இரண்டு காதோடும் இருக்கிறேன். கடைக்காரர் ஒரு தடவை மட்டும், "சார், மீன் இதையெல்லாம் பார்க்காது," என்றார். அவருக்கு விஞ்ஞான நோக்கு போதாது என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்குள் ஓடை திறந்துவிட்டது. முதல் மாதம் அவள் கேட்டாள். கடைசிச் சுற்றில் ஆறு கோல் நிற்கிறது என்றேன். இரண்டாவது மாதம் கேட்டாள். புதிதாக ஒன்று வந்திருக்கிறது, அதனால் ஏழு என்றேன். பழைய கோலையே எடுத்துக்கொண்டு போகிறேன் என்றாள். டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினேன். மூன்றாவது மாதத்துக்கு மேல் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். ஆகா, என் உழைப்பின் அருமை புரிந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பொய்ப்பூச்சி சுற்றுவாள். டப்பா நிறைந்து, இரண்டாவது டப்பாவும் பாதி ஆயிற்று. வீட்டில் பேச்சு குறைந்துபோனதை நான் கவனிக்காமல் இல்லை. கோல் வந்தால் சரியாகிவிடும் என்று இன்னும் மும்முரமாகத் தேடினேன்.

ஓடை மூட இரண்டு வாரம் இருக்கும்போது, தூண்டில் கடைக்குப் போய், இரண்டு கோலை ஒரு நாள் இரவல் கேட்டேன். ஒன்று கார்பன், ஒன்று கண்ணாடி இழை. என்னிடமிருந்து ஒரு நாள் விடுதலை கிடைக்கிறதே என்று அவர் உடனே கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் அவளை நாற்காலியில் உட்கார வைத்தேன். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். பார்த்தால் நிறத்தில் மனசு போய்விடும், கைக்கு எது சுகம் என்பதுதான் முக்கியம் என்று விளக்கினேன். அவள் கண்ணை மூடிக் கையை நீட்டினாள்.

ஒரு கோலைக் கொடுத்தேன். லேசாக ஆட்டினாள். வாங்கி இன்னொன்றைக் கொடுத்தேன். "ஒண்ணு சுகமா, ரெண்டு சுகமா?" என்று கேட்டேன். ரெண்டு என்றாள். வரிசையை மாற்றிக் கொடுத்தேன். ஒன்று என்றாள். இப்படியே அரை மணி நேரம். நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். பழக்க தோஷம் விடுமா? நடுவில், மாற்றுகிற மாதிரி சத்தம் காட்டிவிட்டு அதே கோலையே மறுபடி கொடுத்தேன்.

"ரெண்டாவது," என்றாள்.

எனக்குள் ஒரு மணி அடித்தது. "பார்த்தியா, ரெண்டும் ஒண்ணுதான். கைக்கு இன்னும் சரியா உணர்ச்சி வரல. இந்த வருஷம் விட்டுட்டு அடுத்த வருஷம் பார்க்கலாமே," என்றேன். சொல்லும்போது என் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அது என் காதிலேயே விழுந்தது.

அவள் கண்ணைத் திறந்தாள்.

"ரெண்டும் ஒண்ணுன்னு தெரியும். பிடியிலயே தெரிஞ்சுது."

"பின்ன ஏன் ரெண்டாவதுன்னு சொன்ன?"

"எதையாவது சொன்னா, எதையாவது வாங்குவீங்களான்னு பார்த்தேன்."

கோலை மேஜை மேல் வைத்தாள். அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"தினமும் அம்பது பேரை ஏத்திக்கிட்டு இந்தக் கையாலதான் பஸ் ஓட்டறேன். அதுக்கு நீங்க ஒண்ணும் சொல்லல. எண்பது கிராம் கம்பைத் தூக்கத்தான் எனக்குத் தெம்பில்லையா? நீங்க கோல் தேடலங்க. நான் அங்க போகாம இருக்கறதுக்கு வழி தேடறீங்க."

அவள் சொன்னது சரி. எனக்கே தெரியாமல் எட்டு மாதமாக அதைத்தான் செய்திருக்கிறேன். நாற்பத்தொரு கோல், பதினேழு கட்டம், தராசு, லென்ஸ் எல்லாமே அவளைக் கரையிலேயே உட்கார வைக்கத்தான். ஒன்றை வாங்கிவிட்டால் அவள் தண்ணீரில் இறங்குவாள். இறங்கினால் விழலாம். விழுந்தால், கரையில் நிற்கப்போவது நான்.

அப்போதுதான் அவளிடம் சொன்னேன். நாற்காலி ஒப்பிட்டதை, தொப்பி போனதை, சரிவா படியா என்று நின்றதை. முப்பது வயதில் இதைச் சொல்லியிருந்தால் கொஞ்சம் அழகாக இருந்திருக்கும். ஐம்பது வயதில், கையில் நோட்டும் பென்சிலுமாக, மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னேன்.

"நின்னீங்கன்னு தெரியும். எழுந்து பார்த்தப்ப சரிவுக்கும் படிக்கும் நடுவுல நின்னுக்கிட்டிருந்தீங்க," என்றாள். அப்புறம், "நான் வழுக்கி விழுந்தேன். நீங்க தள்ளிவிடல. அடுத்த ஞாயித்துக்கிழமைதான் கடைசி. நான் போறேன். வர்றதும் வராததும் உங்க இஷ்டம்," என்று சொல்லிவிட்டு எழுந்து போய்க் குளித்தாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து, யூனிஃபார்மோடு நேராகத் தூண்டில் கடைக்குப் போயிருக்கிறாள். சனிக்கிழமை நான் அந்தப் பக்கம் போனபோது கடைக்காரர் இதை வாய் நிறையச் சிரிப்போடு சொன்னார். வந்தாளாம். நாலு கோலை எடுத்து ஒவ்வொன்றையும் ஒரு தடவை ஆட்டினாளாம். ஏழடிக் கண்ணாடி இழைக் கோல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, சின்ன மீன் கடிச்சா கையில தெரியுமா என்று கேட்டாளாம். தெரியும் என்றாராம். பில் போடச் சொல்லிவிட்டாளாம். "ஆறு நிமிஷம் சார்," என்றார். அந்தக் கோலை நான் இரண்டாவது மாதமே மூன்று கிராம் கூடுதல் என்று ஒதுக்கியிருந்தேன். இதை அவரிடம் சொல்லாமல் மென்று விழுங்கினேன். அவர் பழக்கத்தில் ஸ்டூலை எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். மடக்கு நாற்காலியை எடுத்துப்போகவில்லை. மேகமாக இருந்தது. ஓடையில் தண்ணீர் குறைந்து, கற்கள் நன்றாகத் தெரிந்தன. அவள் போன வருஷம் விழுந்த அதே இடத்துக்குப் பக்கத்தில் கல் படி வழியாக இறங்கினாள். ஜாக்கிரதை என்ற வார்த்தை வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதை உள்ளேயே வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு புல்லைப் பிடுங்கி வாயில் வைத்துக் கடித்தேன். கசந்தது.

முதல் வீச்சுகள் சரியாக வரவில்லை. நூல் அவள் முன்னாலேயே சுருண்டு விழுந்தது. தோள் பழைய மாதிரி பின்னால் போகவில்லை என்று கரையிலிருந்தே தெரிந்தது. இரண்டு வீச்சுக்கு ஒரு தடவை கையைத் தொங்கப்போட்டு நின்றாள். பிறகு முழங்கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு மணிக்கட்டால் மட்டும் வீச ஆரம்பித்தாள். நூல் நீண்டு போயிற்று. ஒரு பாறைக்குப் பின்னால் பூச்சி போய் உட்கார்ந்தது. தண்ணீரில் சின்னதாக ஒரு வட்டம். கோல் நுனியிலிருந்து பிடி வரைக்கும் அப்படியே வளைந்தது. திமிங்கிலம் மாட்டிக்கொண்டது என்றே நினைத்தேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை ஒரு வருஷமாக நான் கேட்கவில்லை.

எவ்வளவு பெரிசு என்று கரையிலிருந்து கேட்டேன்.

"இங்க வந்து பாருங்க. இதை வெளிய தூக்கக் கூடாது."

இடது பக்கம் சரிவு, வலது பக்கம் படி. நான் எந்தப் பக்கம் இறங்கினேன் என்று இன்றைக்கும் ஞாபகம் இல்லை. முழங்கால் வரை தண்ணீர் வந்ததுதான் தெரியும். மூன்றாவது அடியில் கால் போயிற்று. உட்கார்ந்த வாக்கில் விழுந்தேன். ஐஸ் மாதிரித் தண்ணீர் கழுத்து வரைக்கும் ஏறி இறங்கிற்று. கண்ணாடிக் கடைக்காரனின் கண்ணாடி எங்கோ போய்விட்டது. எழுந்திருக்கப் பார்த்தேன், மறுபடி வழுக்கிற்று. எதிரே எல்லாம் மங்கலாக இருந்தது. அந்த மங்கலில் ஒரு கை வந்தது. பிடித்துக்கொண்டேன். என் எண்பத்து நாலு கிலோவையும் அந்தக் கை இழுத்து நிறுத்தியது.

நிமிர்ந்து நின்ற பிறகுதான் பார்த்தேன். கோல் அவளுடைய இடது கையில் இருந்தது. நூல் தளர்ந்து கிடந்தது. மீன் போய்விட்டது. நான் பிடித்துக்கொண்டிருந்தது வலது கை.

"வலிக்குதா?" என்று கேட்டேன்.

"வலிக்குது," என்றாள். கையை எடுக்கவில்லை. "கெட்டியாப் பிடிச்சுக்குங்க. அந்தப் பாறைக்குப் பின்னாடி இன்னொண்ணு இருக்கும்."